வாதுமை நிழலில் இரண்டு மதியங்கள்

இன்று சாயங்காலம் அப்பாவின் பலசரக்குக் கடையில் கடுகு மடிக்க ஒரு தாளை உருவினேன். வழவழப்பான தாள், ஓரத்தில் ஆங்கில எழுத்து. மூக்கருகே கொண்டுபோனால் அச்சு மையின் வாசனை இன்னும் இருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கடுகை வேறு தாளில் மடித்துக் கொடுத்தேன். நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் இந்த மழையோடு ஒரு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் துணிவில்லை. இன்று எழுதலாம் போலிருக்கிறது.

நம் துறைமுகத்துக்கு அமெரிக்கக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களின் மாலுமிகள் போட்டுவிட்டுப் போன அமெரிக்கப் பத்திரிகைகள் பழைய தாளாகக் கடைக்கு வரும். பத்து வருடப் பழசும் அதில் கிடக்கும். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். நீ என் தோளுக்கு மேல் எட்டிப் படம் பார்ப்பாய். கைகோத்து ஊர்வலம் போகும் கறுப்பர்களையும் அவர்கள்மேல் நாயை ஏவும் போலீஸ்காரர்களையும் அங்கேதான் பார்த்தோம். போர் வேண்டாம் என்று அட்டை பிடித்து நின்ற ஒருவனுக்குத் தோள்வரை முடி. "திருச்செந்தூருக்கு நேந்திருப்பான் போல. மொட்டை போட இன்னும் நாள் வரல," என்றாய். அப்பா கல்லாவிலிருந்து திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தோம்.

ஒரு படத்தை மட்டும் நீ விடவில்லை. ஓர் உணவுக்கடை. வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறும் கடை என்று கீழே போட்டிருந்தது. நீண்ட மேசையில் கறுப்பு மாணவர்கள் மூன்று பேர், அவர்களோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். நான்கு பேரும் தேய்த்த உடை அணிந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வெறும் மேசை.

"ஏளா, இந்த வெள்ளச்சி எதுக்கு உக்காந்திருக்கா? இவளுக்குத்தான் எங்க போனாலும் சோறு போடுவாவளே," என்றாய். நான் அகராதியைப் புரட்டினேன். அதில் இதற்குப் பதில் இல்லை.

அது நாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்த காற்றுக்காலம். கடல் கொந்தளித்து, உன் அப்பா முங்கிச் சங்கு எடுக்கும் வேலை நின்றுவிட்டதால் உன் டப்பாவில் தினமும் கருவாடு. மீன் தின்கிற வீட்டுப் பிள்ளைகள்கூட மூக்கைப் பிடித்தார்கள். சாப்பாட்டு வேளையைக் கவனித்த டீச்சர், கருவாடு கொண்டுவருகிறவர்கள் எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீயும் கடற்கரைத் தெருப் பிள்ளைகள் நான்கு பேரும் உச்சிவெயிலில் நின்றுகொண்டு தின்றீர்கள். மீன் வாசமே அறியாத வீட்டுப் பெண்ணான நான் மற்றவர்களோடு வாதுமை மரத்தடியில் தயிர்சோறு தின்றேன்.

இரண்டு வாரம் கழித்து நீ சொன்னாய்: "திங்கக்கெழமையிலேர்ந்து நான் வரலளா. அப்பாட்ட சொல்லிட்டேன். வீட்டுல வலை பின்னுதேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் நீ வரும் முன்பே உன் தெருமுனையில் போய் நின்றேன். "திங்கக்கெழமைக்கு முன்ன இன்னும் ரெண்டு நாள் இருக்கே. அந்தப் படத்துல இருக்கற மாதிரி நாம உக்காருவோம்," என்றேன்.

முதல் நாள் நாம் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ரிப்பனைப் புதிதாகக் கட்டிக்கொண்டு, கையைக் கட்டி, மரத்தடியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். படத்தில் யாரும் சாப்பிடவில்லை அல்லவா, அதனால் டப்பாவைத் திறக்கவே இல்லை. மூடிய டப்பா மணக்குமா? ஒருவரும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் வந்த டீச்சர், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்கள். "ஆச்சு டீச்சர்," என்று இருவரும் சேர்ந்து சொன்னோம். மணியும் அடித்துவிட்டது.

பூகோள வகுப்பில் உன் வயிறு கடமுடா என்றது. நீ என் பக்கம் சாய்ந்து, "கிறுக்கி! அவங்களுக்குச் சோறு போட மாட்டேன்னான், அதான் வெறும் மேசை. நமக்கு அம்மை பொங்கிக் குடுத்துல்லா விட்டிருக்கா. நாம தின்னாத்தானளா போராட்டம்!" என்றாய்.

மறுநாள் திறந்தாய். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். "உவ்வே" என்றாள் ஒருத்தி. டீச்சர் வேகமாக வந்தார்கள். உன் கை டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"டீச்சர், இவ தொட்டிக்குப் பின்னாடி போனா நானும் போவேன்."

"நீ எதுக்குப் போகணும்? உனக்கு இந்த வாடை அடிக்கலயா?"

"அடிக்குது டீச்சர்."

உனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து புரையேறிவிட்டது. டீச்சரே உன் தலையில் தட்டினார்கள். தொட்டிக்கு அப்பால் வெயிலில் நின்ற நால்வரையும் பார்த்தார்கள். பிறகு, "சரி, தின்னுட்டுக் கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்கள். அந்த நால்வரும் ஒவ்வொருவராக நிழலுக்கு வந்தார்கள். திங்கட்கிழமை நீயும் வந்தாய்.

வீட்டில் சொன்னேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டு மூடினாள். பிறகு, "பக்கத்துல இரு. வாயில மட்டும் வச்சிராத," என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்குப் போகிறேன். உன் அம்மா எனக்கென்று மீன் படாத புதுச் சட்டி வாங்கி, அதில் மட்டும் புளிக்குழம்பு வைக்கிறார்கள். முதல் நாள், "நான் எங்கன உக்காரட்டும் அத்தை?" என்று கேட்டதற்கு, "இது என்ன கேள்வி? நடுவுல உக்காரு," என்றார்கள். இடப்பக்கம் உன் அப்பா, வலப்பக்கம் உன் தங்கை. நடுவில் என் தட்டு.

உன் தங்கை நம் பள்ளியில் ஆறாவது சேர்ந்துவிட்டாள். போன வாரம் சாப்பிடும்போது என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்: "அந்த வாதுமை மரத்தடி சரியில்லக்கா. காக்கா வந்து கருவாட்டத் தூக்கிட்டுப் போயிருது. வேற எடம் பாக்கணும்."

அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்கிற அளவுக்கு அந்த நிழல் அவளுடையதாகிவிட்டது. அவள் குறையைக் கேட்ட சந்தோஷத்தில் உனக்கும் சேர்த்து இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.