மீனில்லாத தொட்டிக்குத் தீனி

பிப்ரவரி 6
கடைசி மீனும் போய்விட்டது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஐந்தும் காலி. தங்கை வாய் திறக்காமல் ஹாலைத் துடைத்தாள். அவள் பேசாமல் துடைத்தால் திட்டுகிறாள் என்று பொருள். முடித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, இன்னொரு தடவை இங்க ஒண்ணு செத்து மிதந்துச்சுன்னா, தொட்டி மொட்டை மாடிக்குப் போயிடும்."

ஓய்வு பெற்று, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இவள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, என் அறைக்கு வெளியே எனக்கென்று இருப்பது அந்தத் தொட்டி ஒன்றுதான். மாடிக்கா? பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 8
மீன் கடைக்காரரிடம் சண்டை. ஒரே நாளில் தொட்டியையும் மீனையும் என் தலையில் கட்டியவர் அவர்தானே. பிறகு உண்மையைச் சொன்னார். புதுத் தண்ணீரில் மீனின் கழிவே அதற்கு விஷமாகிவிடும். அந்த விஷத்தைத் தின்னும் கிருமிகள் வடிகட்டியின் பஞ்சில் வளர வேண்டும். அதுவரை மீன் கூடாது; கிருமிகளுக்காகத் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு அழுக விட வேண்டும். "யாரும் பொறுக்கறதில்லம்மா."

நான் பொறுப்பேன்.

பிப்ரவரி 9
வெறும் தண்ணீருக்குத் தீனி போட்டேன். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், பார்த்துவிட்டார். "அண்ணி, யாருக்குச் சாப்பாடு?"
"வரப்போறவங்களுக்கு."

பிப்ரவரி 17
வருகிறவர்களெல்லாம் மீன் எங்கே என்கிறார்கள். கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்கிறார் மாப்பிள்ளை. பக்கத்து வீட்டு அம்மாள் நம்பி, குனிந்து குனிந்து தேடினாள். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 27
கடைக்காரர் தந்த மருந்தைச் சொட்டினால், விஷம் இருக்கும்வரை தொட்டித் தண்ணீர் பச்சையாகும். இன்று சோதனைக் குழாயில் அந்தப் பச்சை வெளுக்கிறது. விஷம் இறங்குகிறது.

மார்ச் 2
நான் வங்கிக்குப் போன நேரத்தில் தங்கை வடிகட்டியைக் கழற்றி, பஞ்சை சோப்புப் போட்டுத் தோய்த்து, வெயிலில் காயப் போட்டிருக்கிறாள். பளிச்சென்று இருக்கிறது. "ஒரே அழுக்கா இருந்துச்சுக்கா. உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு—"

அழுக்கா? அதுதான்டி உயிரு! இத்தனை நாள் அதுக்குத்தானே சோறு போட்டேன்? கத்திவிட்டேன். "இந்த வீட்ல சோப்புப் படாத வாளி ஒண்ணாவது இருக்கா? என் தொட்டியத் தொட நீ யாரு?" அவள் முகம் சுருங்கிப் போனது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சமாதானம் பேசப் போகவில்லை.

மார்ச் 3
மறுபடி முதலிலிருந்து. புதுத் தண்ணீர், புதுப் பஞ்சு, ஒரு சிட்டிகை.

மார்ச் 11
மாப்பிள்ளை ஒரு பை நிறையத் தங்கமீனோடு வந்தார். "எத்தனை நாள்தான் வெறும் தண்ணியப் பாப்பீங்க, அண்ணி?" கை துறுதுறுத்தது. தொட்டியில் விட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, ஒரு வாரத்துக்கு.

"திருப்பிக் குடுத்துட்டு வாங்க."
"ஆசையா வாங்கிட்டு வந்ததை திருப்பறதா?"
"சாகறதப் பாக்கவா வச்சுக்கணும்?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். யார் பக்கம் என்று தெரியவில்லை.

மார்ச் 25
இன்றைக்கு அவளாகவே பேசினாள். "தீனி போட்டியா?" அவ்வளவுதான்.

ஏப்ரல் 10
விஷம் துளியும் இல்லை. இரண்டே இரண்டு மீன் வாங்கினேன். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீரின் சூடு பழகிய பிறகே திறந்தேன். "ரெண்டுதானா?" என்றார் மாப்பிள்ளை. ரெண்டுதான். இனி வருகிற மீன் எதுவும் நோய் இல்லை என்று தெரியும்வரை தனி வாளியில் இருக்க வேண்டும் என்று சாப்பிடும்போது சத்தமாகச் சொன்னேன். வாளி யாரிடமும் கேட்கவில்லை.

ஏப்ரல் 29
இரண்டும் தீனிக்கு முட்டி மோதுகின்றன.

மே 4
கடைக்குப் போய்த் திரும்பும்போது வாசலிலேயே தங்கையின் குரல் கேட்டது. மாப்பிள்ளை இன்னும் நான்கு மீன் வாங்கி வந்திருக்கிறார். "தொட்டிகிட்டப் போகாதீங்க. புது மீன் நோயோட வரும். அக்கா வரட்டும்."

ஹால் மூலையில் ஒரு நீல வாளி. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. இந்த வீட்டில் அவள் கழுவாத ஒரே சாமான்.

"எப்ப வாங்கின?"
"நீ கத்தின மறுநாள். பரண்ல இருந்துச்சு. நீயா வந்து கேப்பேன்னு பாத்தேன்."

நன்றியெல்லாம் சொல்லவில்லை. "மூடி இல்லாம வாங்கியிருக்க. குதிச்சிடாதா?" என்றேன்.

பேசாமல் உள்ளே போய், மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துவந்து வாளிமேல் கவிழ்த்தாள். நான்கூடத் தொடக் கூடாத அவள் சல்லடையை.