முக்கால் மூடிய வால்வு

மார்ச் 3, செவ்வாய்

பக்கத்து வீட்டுத் தையலக்காவின் கிணறு இன்று காலை வற்றிவிட்டது. வற்றவைத்தது என் சலவைக்கூடத்தின் ஆழ்துளைக் குழாய். இது எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒப்பந்தம் கிடைத்ததும் போன மாதம் குழாயை இன்னும் நூறடி இறக்கினேன். ஐந்து மிஷின் ஓடுகிறது. ஒரு மிஷின் ஒருதடவை குடிக்கிற தண்ணீர் அக்கா வீட்டுக்கு நாலு நாளைக்கு வரும். இப்படி நான் யோசித்ததே இல்லை. எதற்கு யோசிப்பேன்?

ஞாயிறன்று லீவு, மோட்டார் ஓடவில்லை. மாலையில் அவள் கிணற்றில் நாலடி ஏறியிருந்தது. நேற்று ஓட்டினேன். இன்று வாளி தரையில் இடிக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 5, வியாழன்

தெருவே கூடிவிட்டது. பழியெல்லாம் பின்தெரு ஐஸ் தொழிற்சாலை மேல். "பாளம் பாளமா ஐஸ் அடிச்சுத் தள்ளுறானே, அவன்தான் உறிஞ்சுறான்."

தண்ணீர் அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டுமாம். "ஏ சோப்பு, உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கும். நீயே எழுது" என்றாள் அக்கா. சலவைக்காரி என்பதால் தெருவில் எனக்கு அதுதான் பேர். எழுதினேன். முதல் கையெழுத்தும் நானே போட்டேன். போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி தலையைக் குனியுற?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 8, ஞாயிறு

யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும், தெரிந்துவிட்டதோ என்று வேறு பக்கம் திரும்பி நடக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

அக்கா ஒரு மூட்டையோடு வந்தாள். அவள் மருமகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்.

"குழந்தைத் துணிடி. குடிக்கிற தண்ணியையே தெருக்கோடியில இருந்து சுமக்கிறோம், இதுக்கு எங்க போறது? உன்கிட்டதான் தண்ணி இருக்கே. சும்மா வேண்டாம், காசு வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் ஏன் என்று கேட்பாளே.

அவள் வீட்டுத் தண்ணீரில் அவள் பேரன் துணியைத் துவைத்து, அவளிடமே கூலி. நான் என்ன பிறவி?

மார்ச் 11, புதன்

தண்ணீர் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். வெள்ளி மாலையே எல்லா மோட்டாரையும் நிறுத்த வேண்டும். சனிக்கிழமை அக்கா கிணற்றில் அளவு டேப்பை இறக்கி, ஒவ்வொரு மோட்டாராக ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார். எது ஓடும்போது மட்டம் இறங்குகிறதோ, அதற்கு சீல்.

சீல் வைத்தால்? ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஏறி வந்தவள் நான், பதினெட்டு வருஷம். ஒன்பது பெண்கள் என்னை நம்பி இருக்கிறார்கள்.

தம்பி வழி சொன்னான். "வால்வை முக்கால்வாசி மூடிடுவோம்க்கா. மோட்டார் உறுமும், தண்ணி அதிகம் ஏறாது. மோட்டார் ஓடுதான்னு ஆபீஸர் காதாலதானே பார்க்கப் போறாரு."

நான் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும்.

மார்ச் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ராத்திரியில் கிணறு ஊறியிருந்தது. முதலில் ஐஸ்காரர் மோட்டார். ஒரு மணி நேரம் ஓடியும் மட்டம் அசையவில்லை. அடுத்தது என்னுடையது. வால்வை நானே மூடியிருந்தேன், முக்கால்வாசி. மட்டம் இரண்டு விரற்கடைதான் இறங்கியது.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு மோட்டாரும் காரணமில்லை. கிணறு தானாவே வத்துது. மூடிடுங்கம்மா, குழந்தை இருக்கிற வீடு."

அக்கா கிணற்றுச் சுவரைத் தடவிக்கொடுத்தாள். "சரி. அதுக்கும் வயசாயிடுச்சு போல" என்றாள்.

தப்பித்துவிட்டேன். அப்போதுதான் பயம் உச்சிக்கு ஏறியது — கிணற்றை மூடிவிட்டால் அந்த மூட்டை தினமும் என் வாசலுக்கு வரும். தினமும் நான் சிரித்து வாங்க வேண்டும். சாகிற வரைக்கும்.

"டேப்பை எடுக்காதீங்க சார்" என்றேன். மோட்டார் அறைக்குப் போனேன். தம்பி கையைப் பிடித்தான். உதறிவிட்டு வால்வை முழுக்கத் திறந்து மோட்டாரைப் போட்டேன். அரை மணி நேரத்தில் டேப்பின் நுனி தண்ணீரை விட்டு அந்தரத்தில் தொங்கியது.

அதிகாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு நோட்டில் குறித்தார்.

அக்கா சொன்னாள்: "மனு நல்லா எழுதியிருந்தே. முத்து முத்தா."

மார்ச் 15, ஞாயிறு

ஒருவரும் வரவில்லை. கல் வந்து விழுந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 18, புதன்

தெரு ஒத்துக்கொண்டால் சீல் வேண்டாம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். அக்கா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உன்னை மூடிட்டா ஆஸ்பத்திரியில அழுக்குத் துணியிலயா படுப்பாங்க? எங்க மருமக பிள்ளை பெத்ததும் அங்கதான். நீ ஓட்டு. ஆனா இனிமே உன் வார்த்தை வேண்டாம். சாவியைக் குடு."

பேசி முடித்தது இது: காலை ஐந்து முதல் எட்டு வரை மோட்டார் தண்ணீர் தெருவுக்கு, கரண்ட் செலவு என்னுடையது. எட்டு முதல் மூன்று வரை எனக்கு, மூன்று மிஷின் மட்டும். கடைசி அலசல் தண்ணீரைப் பிடித்துவைத்து அடுத்த துணிக்கு முதல் தண்ணீராக விட வேண்டும். ஐஸ்காரருக்கு மன்னிப்புக் கடிதம், என் கையாலேயே. குழந்தைத் துணியை இலவசமாகத் துவைக்கிறேன் என்றேன், ஒப்பவில்லை, பழைய கூலியேதான். மோட்டார் அறைச் சாவி அக்கா வீட்டில், தையல் மிஷினுக்கு மேலே இருக்கும் ஆணியில்.