மேல் ஸட்ஜத்துக்கு ஒரு தாவல்

நேற்று மாலை நம் வீட்டைத் தாண்டி ஒரு மாப்பிள்ளை அழைப்பு போனது. பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர் கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குத் தாவினார். வாயிலிருந்த ரீடு கீச்சிட்டது. ஊர்வலத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "ஏனுங்கத்தை, என்னாச்சு?" என்றாள் மருமகள். ஒன்றுமில்லை என்றேன். அதன்பிறகு உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். உங்களிடம் சொன்னால்தான் இது அடங்கும்.

நமக்குக் கல்யாணமான புதிது, எழுபதுகள். ராசிபுரத்துக்கு மேற்கே, நம் காட்டுக் கிணற்று மோட்டார் ரூமில் நீங்கள் இந்த ஒரு தாவலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்குள் ஊத உங்கள் அண்ணன் விடவில்லை. "பண்ணையம் பாக்கற ஊட்டுல பொறந்துபோட்டு, கண்ணாலத்துக்கு ஊதறவன்னு பேரெடுக்கறியாடா சின்னவனே?" என்பார். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார். "ரேடியோவுல உன்னைய எடுத்தாங்கன்னா ஊதிக்கோ. இல்லாட்டி அந்தப் பீப்பியைப் பொட்டியில வெச்சுப் பூட்டிப்போட்டு, நம்ம லாரி ஆபீசுல வந்து உக்காரு."

திருச்சி வானொலி நிலையத்தில் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். உங்களுக்கு எல்லாம் வந்தது, இந்தத் தாவலைத் தவிர. சிறு வயதில் புல்லாங்குழல் பழகிய விரல்கள் உங்களுடையவை. புல்லாங்குழலில் விரல்களை மாற்றாமல் காற்றை மட்டும் மாற்றினால் கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகிவிடும். கிளாரினெட் அப்படி இல்லை. கட்டைவிரலால் கீயை அழுத்திவிட்டு மற்ற விரல்களை அப்படியே வைத்திருந்தால், ஸட்ஜத்தைத் தாண்டி மேல் பஞ்சமத்துக்குப் போய்விடும். விரல்களையெல்லாம் கண்ணிமைப்பதற்குள் மாற்றியாக வேண்டும். அவசரத்தில் உங்கள் விரல்கள் புல்லாங்குழலுக்கே திரும்பிவிடும்.

நான் பக்கத்தில் சுருதிப் பெட்டி போடுவேன். கான்வென்டில் பியானோ கற்றவள். இரண்டு ஸ்வரங்கள் என்றால் இரண்டாகத்தான் கேட்க வேண்டும் எனக்கு. "மறுபடி" என்பேன்.

"ஏனம்மிணி, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா மழை பேயாதா?"

"நீங்க ஊதுனது பஞ்சமங்க. மழை பெஞ்சாலும் அது பஞ்சமந்தான்."

பிறகு நீங்களே ஒரு வழி கண்டீர்கள். மேல் ஸட்ஜத்தை முதலில் ஊதி, அந்த உதடு அசையாமல் கீழே இறங்கி, அப்படியே மறுபடி மேலே. "கீழ ஊதறப்பவே வாய் மேல இருக்கோணும். அங்க போயி ஏற்பாடு பண்ணலாம்னா நடக்காது" என்றீர்கள். சில நாள் வந்தது. சில நாள் வரவில்லை. வராத நாளில் உங்களுக்குச் சோறு இறங்காது. எனக்கும்தான்.

தேர்வு அறையிலும் சுருதி போட்டவள் நான்தான். அந்த இடம் நெருங்கியது. உங்கள் தோள்கள் இறுகியதைப் பார்த்தேன். நீங்கள் தாவவில்லை. நடுவிலிருந்த ஸ்வரங்களையெல்லாம் உரசிக்கொண்டு, மெல்ல வழுக்கி மேலே போய் நின்றீர்கள். கேட்க அழகாகவே இருந்தது. எதிரே இருந்த தேர்வாளர் தலையாட்டி ரசித்தார்.

திரும்பும் பஸ் முசிறியைத் தாண்டியபோது என் பக்கம் திரும்பினீர்கள்.

"சொல்லீரு அம்மிணி" என்றீர்கள்.

"வழுக்கிட்டீங்க."

"நம்ம சங்கீதத்துல வழுக்கறதும் அழகுதான்."

"வழுக்கோணும்னு நெனச்சு வழுக்குனா அழகுதானுங்க. பயந்து வழுக்குனா?"

முன் சீட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். சொன்னதற்காக நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் இல்லை.

உங்களை எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் சந்தையில் பார்க்கிறவரிடமெல்லாம் "எந்தம்பி ரேடியோவுல ஊதறான்" என்று சொல்லித் திரிந்தார். வீட்டுக்குள்ளேயே ஊதலாம் என்றும் ஆனது. ஆனால் மறுநாளே நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குக் கிளம்பினீர்கள். அண்ணனுக்குப் புரியவில்லை. "அதான் எடுத்துட்டாங்களேடா" என்றார்.

"அவங்க எடுத்துட்டாங்கண்ணா. இவ இன்னும் எடுத்துக்கல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

மஞ்சள் அறுவடை முடிந்திருந்த ஒரு மத்தியானம். கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது. நான் களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தேன். கீழ் ஸட்ஜம் கேட்டது. கை நின்றது. மேல் ஸட்ஜம் வந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. திரும்பவும் ஊதினீர்கள். திரும்பவும் அப்படியே. பிறகு சத்தமில்லை. கிளாரினெட்டைக் கையில் பிடித்தபடி மோட்டார் ரூம் வாசலில் வந்து நின்றீர்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தீர்கள்.

"சரிங்க" என்றேன்.

கதவில் சாய்ந்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டீர்கள். ரேடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டபோதுகூட அப்படி ஒரு மூச்சு உங்களிடமிருந்து வரவில்லை.

நீங்கள் போனபின் பிள்ளைகள் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். குழம்பில் உப்பு கூட என்று சொன்னால் சிரிக்கிறார்கள். "அம்மாவுக்கு எதுவுமே புடிக்காது" என்று விருந்தாளிகளிடம் சொல்கிறார்கள். என் காது மட்டும் கொஞ்சமும் தளரவில்லை. எதையும் இன்னும் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் சரியா என்று கேட்டு என் முகத்தைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. நேற்று சொல்லாத 'மறுபடி' என்ற அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்துகொண்டிருக்கிறேன்.