இடது கை பிரேக்

மம்பாவ்,
புதன்கிழமை, மழை விட்ட சாயங்காலம்.

மதிப்பிற்குரிய திருவாளர் முகுந்தன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி லோகேஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் அம்மா நலம். வீடும் நலம், சமையலறைக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. நான் பாதி நலம். மீதிப் பாதியைக் கீழே சொல்கிறேன். புருஷன் பெயரைச் சொல்லி எழுதுகிறாளே என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தில் கோபப்படும் உரிமை எனக்கு மட்டும்தான்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் ஒரு பக்கம் எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. தாளுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். இது நான் திருப்பி அனுப்பும் பெரிய பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கும். அடியில் இருப்பவை, என் பந்தய சைக்கிளுக்காக நீங்கள் பெல்ஜியத்தில் பொறுக்கியெடுத்து அனுப்பிய சாமான்கள். சைக்கிளின் சட்டம் மட்டும் நான் வாங்கியது, அது இங்கேயே இருக்கும்.

போன மாதம் போனில் நீங்கள் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். இங்கே செனாவாங்கில் இருக்கும் உங்கள் ஃபேக்டரி உங்களை இரண்டு வருஷத்துக்கென்று அங்கே அனுப்பியது. இந்தத் தீபாவளிக்குத் திரும்பி வர வேண்டியவர் நீங்கள். டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவே தொண்டையைச் செருமிக்கொண்டு, “லோகா, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு சைன் பண்ணிடலாம்னு பாக்குறேன், நீ கவலப்படாத, ஒனக்கு பெஸ்ட்டா ஒரு சைக்கிள் செட் பண்ணித் தரேன்” என்றீர்கள். பிறகு மறுபடி டயருக்குப் போய்விட்டீர்கள். குழந்தைக்கு மிட்டாயைக் காட்டிவிட்டு வெளியே நழுவுகிற மாதிரி இருந்தது. மிட்டாயாவது நல்ல மிட்டாயாக இருந்திருக்கலாம்.

நீங்கள் அங்கே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, உருளைக்கிழங்குப் பொரியல் தின்றபடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்று சைக்கிளோகிராஸ் பந்தயம் பார்த்தீர்கள். அன்றிலிருந்து நீங்கள் நிபுணர் ஆகிவிட்டீர்கள். நானோ தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை முடிந்த கையோடு, செம்பனைக் காட்டுச் சேற்றில் ஆறு வருஷமாக அதையே ஓட்டிக்கொண்டிருக்கும் அறிவிலி. பலகைத் தடுப்பு வந்தால் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறி, மறுபடி தாவி உட்கார்ந்து மிதிக்கிறவள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

முதலில் டயர். பசை போட்டு ஒட்டுகிற டயர், சக்கரத்தோடு சேர்த்து. அங்கே பெரிய ஓட்டக்காரர்கள் எல்லாம் அதில்தான் ஓடுகிறார்களாம். அவர்கள் ஊரில் செம்பனை மட்டை இருக்கிறதா? அந்த மட்டை முள் உங்கள் காலில் ஏறி, உட்கார்ந்து அழுத ஆள்தானே நீங்கள்? முதல் நாளே டயரில் அதே முள் ஏறியது. ட்யூப் இல்லாத டயராக இருந்தால் உள்ளே ஊற்றிய ரப்பர்ப் பால் அந்த ஓட்டையைத் தானே அடைத்திருக்கும். இதைப் பிய்த்து, தைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். செண்டாயான் பக்கத்திலிருந்து கார் கூரையில் சைக்கிள் கட்டிக்கொண்டு வருவார்களே, ஓட்டுவதைவிட அதிக நேரம் கழுவுகிற கனவான்கள், அவர்கள்கூட இந்த டயரைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்கள் பரிதாபப்படும் நிலைக்கு நான் வந்துவிட்டேன், உங்கள் புண்ணியத்தில்.

அடுத்தது பேட்டரியில் கியர் மாற்றும் கருவி. ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசுவதற்குள் போனுக்குச் சார்ஜ் போட மறந்துவிடுகிற மனிதர், எனக்குச் சார்ஜ் போடுகிற கியர் அனுப்புகிறார். முன்னால் இரண்டு பல்சக்கரம் வேறு. லாலாங் புல்லும் களிமண்ணும் அந்தச் சந்தில் போய் அடைத்துக்கொண்டால் குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்பது யார்? முன்னால் ஒன்று போதும் என்று உங்களிடம் மூன்று முறை சொன்னேன். “ம், ம்” என்றீர்கள். அந்த “ம்” எந்த மொழி என்று இன்றுவரை தெரியவில்லை.

பெடல் பரவாயில்லை. சேறு ஒட்டாத பெடல். அதை வைத்துக்கொள்கிறேன்.

ஹேண்டில்பாரைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. உங்கள் தோளுக்கு ஏற்ற அகலத்தில் வாங்கியிருக்கிறீர்கள். அதைப் பிடித்தால் நான் வேட்டி காயப்போடுகிறவள் மாதிரி கையை விரித்துக்கொண்டு போக வேண்டும். என் தோள் எவ்வளவு அகலம் என்று உங்களுக்கு மறந்துவிட்டதா? அளவுநாடா கேட்கிற விஷயமா அது? சைக்கிள் கடையில் ஷங்கர் அதைச் சட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணி, இது அண்ணனுக்கா?” என்று கேட்டான். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அப்புறம் என் பழைய ஹேண்டில்பாரையே போடச் சொன்னேன்.

இனி அந்த மீதிப் பாதி நலம்.

பிரேக்கை எந்தக் கைக்கு எது என்று நீங்கள் ஷங்கருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு அது தெரியாது. அவனும் சொல்லவில்லை; அதுவரை சமதரையில் இரண்டையும் சேர்த்தே பிடித்ததால் நானும் கவனிக்கவில்லை. முன்சக்கரம் இடது கைக்கு, பின்சக்கரம் வலது கைக்கு. இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எவனாவது, மிதிவண்டி ஓட்டிய எவளாவது முன் பிரேக்கை இடது கையில் தேடுவார்களா? சனிக்கிழமை காலை, ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். வளைவில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்றிய டிராக்டர். கை தன் பழக்கத்துக்கு இடது பிரேக்கை அழுத்தியது. பின்சக்கரம் மெல்லப் பிடிக்கும் என்று நம்பித்தான் அழுத்தியது. முன்சக்கரம் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை.

டிராக்டர் ஓட்டிய வீரமுத்து சமயத்தில் திருப்பியதால்தான் இதை எழுதுகிறேன். மோவாயில் தையல், மணிக்கட்டில் வீக்கம், அவ்வளவுதான். ஷங்கர் வந்து பார்த்துவிட்டு, “அண்ணன்தான் யூரோப் ஸ்டைல்லயே போடணும்னு சொன்னாரு லா அண்ணி, நான் என்னா செய்றது” என்று கிட்டத்தட்ட அழுதான். உங்கள் அம்மாவோ, “அவன்கிட்ட சொல்லாத, அங்க தனியா கெடக்குறான், மனசு ஒடஞ்சிருவான்” என்றார். தனியாகக் கிடப்பது நீங்களாம்.

சைக்கிளோகிராஸ் நிபுணருக்கு இன்னொன்றும் சொல்கிறேன். பலகைக்கு முன்னால் இறங்கும்போது வலது கை சட்டத்தைப் பிடித்துவிடும். வேகத்தைக் குறைக்க மிச்சம் இருப்பது இடது கைதான். அதில் பின்சக்கரம் இருந்தால் இறங்குவோம், முன்சக்கரம் இருந்தால் விழுவோம். வேலியோரம் நின்று பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது. ஆனால் வலது கைதான் முன் பிரேக் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் உங்கள் மோட்டாரை எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, பின்னால் உட்கார்ந்து, என் வலது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவரே நீங்கள்தானே. முள்ளை மறந்ததற்குத் திட்டினேன், தோள் அளவுக்கு அழுதேன், இதற்குப் பயந்துபோனேன். இரண்டு வருஷத்தில் உங்கள் கையே ஊர் மாறிவிட்டது என்றால், இன்னும் இரண்டு வருஷத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

பிரேக்கை ஷங்கர் மாற்றிக் கட்டிவிட்டான். பெடல் தவிர மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு நான் கேட்டவற்றைப் போட்டுக் கொடுத்தான். முன்னால் ஒரே பல்சக்கரம், கம்பியில் இழுக்கிற கியர், ட்யூப் இல்லாத டயர். அவனே ஓட்டிக் காட்டினான், சேற்றில் நாய்க்குட்டி மாதிரி சந்தோஷமாக ஓடுகிறது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நம் தோட்டத்தில் பந்தயம். மணிக்கட்டு அதற்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

செனாவாங் ராய்ஸ்டன்தான் நடத்துகிறான். பழைய பிரட்டுக் களத்தில், அந்தக் காலத்தில் விடியுமுன் வேலைக்கு ஆள் கணக்கெடுத்த அதே இடத்தில் நிறுத்தித்தான் பெயர் கூப்பிடுவான். ஓட்டுகிறவர் பெயரோடு, மாற்று சைக்கிளை வைத்துக்கொண்டு பாதையோரப் பிட்டில் நிற்பவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவான். குரல் வராவிட்டால் பிரட்டில் செய்வது போலவே பெயரை அடித்துவிடுவான். என் பழைய சைக்கிள்தான் மாற்று. சேறு ஏறிய சைக்கிளை வாங்கிக்கொண்டு பழையதை என் கையில் தள்ள ஓர் ஆள் வேண்டும். ஷங்கர் தானே நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நேற்று ராய்ஸ்டன், “அக்கா, பிட்டுல யாரு நிக்கிறா?” என்று கேட்டான். நான் வாயைத் திறந்து, “எங்க வீட்டுக்காரரு” என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. ராய்ஸ்டன் என்னையே பார்த்தான். ஷங்கர் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே துடைத்த செயினை மறுபடி துடைத்தான். வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

என்னங்க, எனக்கு எந்தச் சாமானும் அனுப்ப வேண்டாம். அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மாரியாத்தா உங்கள் கூடவே இருக்கட்டும். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போகும்போது மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி இதை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குக் களத்தில் நான் முன்னால் நிற்பேன், ராய்ஸ்டன் என் பெயரைக் கூப்பிடுவான், நான் குரல் கொடுப்பேன். அடுத்தது உங்கள் பெயர். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், காதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பேன். அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள்
லோகா