ஆமேடியில் கிடைத்த பதில்

நேற்று மத்தியானம் என் மருமகள் மிளகாய்த்தூள் என்று நினைத்துக் கோழிக்கறிக்குள் சுமாக் என்ற புளிப்புத் தூளை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுவிட்டாள். இரண்டும் ஒரே நிறம். போத்தலில் பெயர் எழுதி ஒட்டாதது என் பிழைதான். கறி கொதிக்கக் கொதிக்க, புளியும் காய்ந்த பழமும் கலந்த ஒரு மணம் அடுக்களை முழுவதும் ஏறியது. "மாமி, சொறி, லேபலே இல்லையே" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். ஆமேடியில் ஒரு வீட்டுச் சமையலறையில் இருந்த மணம் அது. அந்த ஊருக்குப் போகவேண்டும், போகவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நீ போகாமல் கண்ணை மூடிவிட்டாய். நான் போய் வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புளித்த கறியை எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். நான் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஊர்க்கதைக்கு முன்னால் வேறொன்றைச் சொல்லவேண்டும். உன்னிடம் முப்பத்திமூன்று வருசமாகச் சொல்ல முடியாமல் போனது அது. எங்களுக்கு அப்போது இருபத்திமூன்று வயது. வெளிநாட்டுக்குப் போகிற யோசனையில் இரண்டு பேரும் கொழும்புக்கு பஸ் ஏறினோம். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, ஐசி அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்கவேண்டும். பஸ் வெறுமையாக முன்னால் போய் நிற்கும். நீ எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாய். உன் ஐசியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவன் உன்னைத் தகரக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் அந்த ஐசியோடு வெளியே வந்தான். உன் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இவளைத் தெரியுமா?" என்று கேட்டான்.

நான் "தெரியாது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு பஸ்ஸில் ஏறி, உன் காலி இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தேன். உன் குடை முன் இருக்கைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் உன்னைத் தெரியும் என்றாகிவிடுமே என்ற பயத்தில் கொழும்பு வரைக்கும் அதைத் தொடவில்லை. இறங்கும்போதும் விட்டுவிட்டு இறங்கினேன். நேரே உன் மாமா வீட்டுக்கு ஓடி விசயத்தைச் சொன்னேன். அவர் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, பார்க்காத ஆட்களையெல்லாம் போய்ப் பார்த்து, ஒன்பதாம் நாள் உன்னை வெளியே எடுத்தார். அதற்குள் ஏஜென்சிக்காரன் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டான்.

நாலு வருசம் கழித்து நீயும் ரொறன்ரோ வந்தாய். விமானநிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "நல்லாக் கொழுத்துப் போனாய்" என்றாய். அதுதான் உன் முதல் வார்த்தை. ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் நான் ஐந்தாம் மாடி, நீ பதினோராம் மாடி. உன் மகள் பாதி நாள் என் வீட்டில் வளர்ந்தாள், என் மகன் உன் கையால் சாப்பிட்டு வளர்ந்தான். இவ்வளவுக்கும் நடுவில் அந்தச் சோதனைச் சாவடியைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நான் கதைக்கப் பார்த்தேன். ஒருமுறை லிப்ற்றுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றபோது, "அண்டைக்கு அந்தச் செக்பொயின்ற்றில…" என்று தொடங்கினேன். நீ ஏற்கெனவே அழுத்தியிருந்த பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாய். "எல்லாத்தையும் கதைச்சு முடிக்கேலாதடி" என்றாய். நீ என்னை மன்னிக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம் எடுத்தேன். அதற்குப் பிறகு உன்னோடு சிரித்த சிரிப்பு ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது.

நஸ்ரின் உன்னுடைய ஆள். பிஸ்கற் பக்டரியில் பதினேழு வருசம் உனக்கு எதிரே நின்று பெட்டி மடித்த குர்திஷ்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வந்து, சம்பலின் உறைப்பில் கண்ணீர் வழிய வழிய இடியப்பம் சாப்பிடுவாள். மனுசன் செத்தபிறகு, வட ஈராக்கில் தான் பிறந்த ஆமேடிக்கே திரும்பிப் போனாள். அங்கிருந்து வீடியோவில் மலையைக் காட்டிக் காட்டி "வா" என்பாள், நீ "வாற வருசம்" என்பாய். பிறகு உனக்கு உடம்பில் வருத்தம் வந்தது. செத்தவீடு முடிந்து ஒரு மாதத்தில் அவள் எனக்குப் போன் எடுத்தாள். நெடுநேரம் அழுதுவிட்டு, "அவளுக்குப் பதிலா நீ வா" என்றாள்.

என் மகன் குதித்தான். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? உது சண்டை நடந்த இடம்."

"நாங்கள் மட்டும் எங்கையிருந்து வந்தனாங்கள்?" என்று கேட்டேன். அவன் என் ரிக்கற்றைப் போட்டுத் தந்தான்.

உண்மையைச் சொன்னால், ஊர் பார்க்கிற ஆசையில் நான் போகவில்லை. பதினேழு வருசம் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பெண்கள் கதைக்காத கதை இருக்காது. என்னைப் பற்றி நீ அவளிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

எர்பில் விமானநிலையத்துக்கு நஸ்ரின் தன் தம்பியின் காரில் வந்திருந்தாள். ஆமேடிக்குச் சில மணித்தியால ஓட்டம். மலைப்பாதையில் ஒரு சோதனைச் சாவடி வந்தது, கார் மெதுவாகியது. மற்றதெல்லாம் என் கால்கள் பார்த்த வேலை. கார் நின்றதும் கதவைத் திறந்து இறங்கினேன். பாஸ்போட்டைக் கையில் உயர்த்திப் பிடித்து, கைப்பையைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு, வெயிலில் நேராக நடக்கத் தொடங்கினேன். கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் எனக்கு முன்னாலும் பின்னாலும் வரிசை இல்லை என்பதைக் கவனித்தேன். வேறொருவரும் இறங்கவில்லை. ஒரு இளம் சிப்பாய் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நீயும் வந்திருந்தால் ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு கிழவிகள் நடந்திருப்போம், அவனுக்கு விசர் பிடித்திருக்கும்.

நஸ்ரின் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் பேசுவது பக்டரி இங்கிலீஸ், நான் தமிழில் எழுதுகிறேன். "இஞ்ச ஆக்கள் காரோடதான் போறது. வா" என்றாள். சிப்பாய் அவளிடம் ஏதோ கேட்டான், அவளும் ஏதோ சொன்னாள். அவன் நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலை குனிந்தான்.

காருக்குள் ஏறியபிறகு, "என்ன கேட்டவன்?" என்றேன்.

"இவவை உங்களுக்குத் தெரியுமோ எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"என்ரை சகோதரி எண்டு சொன்னன்."

எவ்வளவு இலகுவாக அதைச் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் முடியவில்லை. தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

ஊர் உனக்குப் பிடித்திருக்கும். மலைக்கு மேல் ஒரு பெரிய பலகைக்கட்டையை வைத்து, அதன் மேல் வீடுகளை நெருக்கமாக அடுக்கின மாதிரி இருக்கிறது. எந்தத் தெருவில் போனாலும் கடைசியில் ஒரு விளிம்பு, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடக்க அரைமணித்தியாலம்கூட எடுக்காது. மூவாயிரம் வருசத்துக்கும் மேலான ஊர் என்று நஸ்ரின் பெருமை அடித்தாள். நடுவில் ஒரு பழைய பள்ளிவாசல் கோபுரம் ஒல்லியாக உயர்ந்து நிற்கிறது. மேற்குப் பக்கத்தில் கல் வாசல் ஒன்று, அதிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் படிகள் தேய்ந்து நடுவில் குழி விழுந்திருக்கின்றன. நான் பத்துப் படி இறங்கிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தேன். நீ என்றால் கடைசிப் படி வரைக்கும் போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டுப் பகிடி பண்ணியிருப்பாய்.

மூன்றாம் நாள் நஸ்ரின் யாப்ராக் செய்தாள். திராட்சைக் கொடி இலைக்குள் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி, பானையில் அடுக்கி, சுமாக் ஊறின புளித்தண்ணீர் விட்டு அவிக்கிற சாப்பாடு. நிலத்தில் துணி விரித்து இரண்டு பேரும் சுருட்ட இருந்தோம். நான் சுருட்டினது ஒவ்வொன்றும் குண்டுக் கட்டையாக வந்தது. அவள் அதைப் பிரித்து, பாதி அரிசியைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி சுருட்டினாள். நீ அவளுக்குப் பழக்கின "எடியே" அவளுடைய வாயில் அப்படியே இருக்கிறது. "எடியே, கனக்க வைக்காதை" என்று அவள் சொன்ன அந்த இடத்தில் எனக்குள் ஏதோ விட்டுப்போனது. இலையைக் கையில் வைத்தபடியே எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். வரிசை, கொட்டகை, குடை, நான் சொன்ன ஒற்றைச் சொல். என் மனுசனுக்குக்கூடச் சொல்லாத கதை.

நஸ்ரின் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "அவள் சொன்னவள்."

"என்ன சொன்னவள்?"

"கொட்டகைக்குள்ள கொண்டுபோனதும் தனியவோ வந்தனீ எண்டுதான் முதல் கேட்டவங்களாம். அவள் தனிய எண்டு சொல்லிப்போட்டாள். அதுக்குப் பிறகுதான் வெளியில வந்து உன்னட்டைக் கேட்டவங்கள். நீ தெரியும் எண்டு சொல்லியிருந்தால் அவள் சொன்னது பொய் எண்டு பிடிபட்டிருக்கும். நீயும் உள்ளதான். பிறகு ஆர் மாமாவுக்குப் போய்ச் சொல்லுறது?"

அவள் அடுத்த இலையை எடுத்தாள். "நீ என்ன சொல்லப்போறாயோ எண்டு கண்ணை மூடிக்கொண்டு இருந்தவளாம். போனவன் திரும்பி வந்து, அவளும் தெரியாதாம் எண்டு மற்றவனுக்குச் சொன்னது கேட்டதாம். அப்பதான் மூச்சு வந்தது எண்டு சொன்னவள். உன்ரை கதை வந்தால் அவளுக்கு எப்பவும் பெருமை. என்ரை சிநேகிதிக்கு மாதிரி ஒருத்தருக்கும் மூளை வேலை செய்யாது எண்டுவாள்."

மூளையாம். பயத்தில் வாய் உளறினதை நீ மூளை என்று நினைத்துக்கொண்டு, பக்டரி முழுக்க என் புகழ் பாடியிருக்கிறாய். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்துச் சிரித்து இலையைக் கீழே போட்டுவிட்டேன். நஸ்ரினும் சிரித்தாள். பிறகு அவள் சொன்னாள், "எங்களுக்கெல்லாம் வீட்டை விட்டு வெளிக்கிட முன்னமே அம்மா சொல்லித் தந்திடுவா. செக்பொயின்ற்றில அக்கா தங்கச்சி ஒண்டும் இல்லை, ஒருத்தரையும் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. எண்டாலும் ரெண்டு பேரும் அதைத்தான் செய்தனீங்கள்."

சிரிப்பு அடங்கினபிறகு உன் மேல் கோபம் வந்தது. எருமை, பதினோராம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு இறங்கி வந்து இந்த ஒரு வசனத்தைச் சொல்ல உனக்கு என்ன குறைந்துபோயிற்று? நஸ்ரினிடமே கேட்டேன், "இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நானும் கேட்டனான்" என்றாள். "அதைத் திறந்தால் அவள் மிச்சத்தையும் கேப்பாள், அந்த ஒன்பது நாளையும் கேப்பாள், எனக்கு அதை அவளுக்குச் சொல்ல விருப்பமில்லை எண்டவள்."

லிப்ற்றுக்குள் நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ என்னிடமிருந்து ஒளித்துவைத்தது அந்த ஒன்பது நாளைத்தான். நான் சொன்ன சொல்லை நீ ஒருநாளும் எனக்கு எதிராக வைத்திருக்கவில்லை.

அன்று பானையைக் கவிழ்த்துக் கொட்டின யாப்ராக்கில் அரைவாசியை நானே தின்றேன். பிறகு வெறும் நிலத்தில் ஒரு தலையணையோடு படுத்தேன். பின்னேரம் நஸ்ரின் தேத்தண்ணி கொண்டுவந்து தட்டி எழுப்பும்வரைக்கும் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை. எழும்பி விளிம்புக்கு நடந்து போனேன். கீழே வெயில் பள்ளத்தாக்கை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஒரு ஆறுதல் பிள்ளை பெற்ற அன்றைக்குக்கூட வந்ததில்லை. உன்னோடு சேர்ந்து அதை அனுபவிக்க முடியவில்லையே என்ற குறை ஒன்றுதான்.

அந்த ஒன்பது நாளைப் பற்றி நஸ்ரினுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்பேன் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை, இனிமேலும் கேட்கப்போவதில்லை. நீ தர விரும்பாததை உனக்குத் தெரியாமல் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் தெரியாமலே என்னோடு இருக்கின்றன, அது எனக்குப் பாரமாகவும் இல்லை.

உன் செத்தவீட்டில் என்னை ஒரு வார்த்தை பேசச் சொல்லி உன் மகள் கேட்டாள். தொண்டை சரியில்லை என்று சாட்டுச் சொல்லி மறுத்துவிட்டேன். அவள் முகம் வாடிப்போனதையும் கண்டேன். உன்னைத் தெரியாது என்று சொன்ன வாயால் உன்னைப் பற்றி என்ன பேசுவது என்று அன்று நினைத்தேன். போன மாதம் உன் ஆண்டு நினைவை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். இந்த முறை நானே அவளைத் தேடிப்போய், "எனக்கு அஞ்சு நிமிசம் தா, பிள்ளை" என்று கேட்டேன்.

மேடைக்கு ஏறினேன். பூமாலைக்குள் இருந்த உன் படத்தைக் கையால் காட்டி, "எனக்கு இவவைத் தெரியும்" என்றேன். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர், இதென்ன தொடக்கம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து நான் அதை இன்னொரு தரம் சொன்னேன்.