எல்லைப்பாறையில் பற்றாத பொன்மயில்

வானம் வேளை தவறாதிருக்க, வயல்கள் வாடாதிருக்க. கார்முகில் நாட்டுக்கு உரியவரும், இரட்டைக்கரை ஏரியின் கீழ்க்கரைக்குத் தலைவியும், கொடுத்த வாக்கில் நிற்பவருமான அரசி வெண்ணிமாதேவியார் திருமுன்பு, செந்தழல் நாட்டு வேந்தர் எயினவர்மரின் ஆணைப்படி அவருடைய மகாமந்திரி பூதங்கிழார் எல்லைப்பாறை அடிவாரப் பாசறையிலிருந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடையும் குடிகளும் களஞ்சியங்களும் குறைவின்றி விளங்குக.

உலகம் இருட்டில் தடவிக்கொண்டிருந்த காலத்தில் நெருப்பை முதன்முதல் கையில் ஏந்தியது செந்தழல் குலமே என்பதும், ஞாயிறே அக்குலத்து அடுப்பில் பற்றவைத்துக்கொண்டு மேலே போனதுதான் என்பதும், அவ்வரசர்களின் உள்ளங்கையில் தழல் குடியிருக்கிறது என்பதும் மூவுலகும் அறிந்தவை. சென்ற பௌர்ணமி மாலையில் அந்தக் குலத்தால் ஒரு சுள்ளியைப் பற்றவைக்க முடியவில்லை என்பதையும் தாங்கள் அறிவீர்கள், பக்கத்தில்தான் நின்றிருந்தீர்கள்.

இரு நாட்டு முன்னோரும் பாறையில் வெட்டி வைத்த உடன்படிக்கையின்படி, விருந்தழைக்கும் நாடு தன் நெருப்பால் சாட்சித்தீ மூட்ட வேண்டும். மூட்டினால் ஏரியின் முதல் மடை, அதாவது முதல் தண்ணீர் பாய்ச்சும் உரிமை, அதனிடமே இருக்கும். விருந்தாளியிடம் நெருப்பு வாங்க நேர்ந்தால் முதல் மடை விருந்தாளிக்குப் போகும். போயிற்று. ஆயினும், நடந்ததை மெழுகிப் பூசாமல், அவரவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, செந்தழல் முத்திரை அரக்கில் பதித்து அனுப்பினால், இந்த ஒரு பருவத்துக்கு மட்டும் முதல் தண்ணீரை விட்டுத் தருவதாகத் தாங்கள் தூதர் வழியே சொல்லியனுப்பினீர்கள். செந்தழல் நாட்டு மேல்கரையில் நாற்றங்கால்கள் வெடித்துக் கிடக்கின்றன. ஆகவே இவ்வோலை.

மந்திரியார் முதலில் எழுதிய ஓலையில் ‘வாயுதேவனின் வஞ்சச் சூழ்ச்சியால்’ என்று ஓர் இடம் இருந்தது. வேந்தர் அதை வாசித்துவிட்டு, ‘காத்து என்னய்யா சூழ்ச்சி பண்ணும்? அதுபாட்டுக்கு அடிச்சுது. உள்ளத எழுதும், நாத்து காயுது’ என்று திருவாய் மலர்ந்து திருப்பித் தந்தார். அதனால் உள்ளது வருமாறு.

மலைமேல் திறந்த வெளியில் தீ மூட்டுவதற்கு ஏற்ற கருவி எதுவென்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மந்திரியார் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். பலர் பலவற்றைக் கொண்டுவந்தனர். சிக்கிமுக்கிக் கல்லும் இரும்புத் துண்டும் வந்தன. ஒவ்வொரு வண்டிக்காரன் மடியிலும் கிடப்பது அரசர் கைக்கு ஆகாது என்று மந்திரியார் ஒதுக்கினார். தீக்கடைகோல் வந்தது, அதைக் கடைந்தால் வேந்தருக்கு வியர்க்கும் என்று ஒதுக்கினார். மூடிபோட்ட தணல் சட்டி வந்தது. அதன் அடியில் யார் வீட்டுக் குழம்போ காய்ந்து ஒட்டியிருந்தது. கடைசியாகப் பொற்கொல்லர் தலைவர் ஒரு பொன்மயிலைப் பட்டுத் திண்டில் ஏந்தி வந்தார். கழுத்தைத் திருகினால் உள்ளே சக்கரம் சுழன்று கல்லில் உரசும், அலகில் பொறி பறக்கும், அலகிலுள்ள திரி வயிற்று எண்ணெயைக் குடித்து எரியும். சபை எழுந்து நின்றது. மந்திரியாருக்குக் கண் கலங்கியது.

அதை மந்திரியார் சோதிக்காமல் விட்டார் என்று எவரும் சொல்ல முடியாது. பலமுறை சோதித்தார். கொலு மண்டபத்தில், திரைச்சீலை பறக்காதிருக்கச் சாளரங்களைச் சாத்திவிட்டுச் சோதித்தார். மயில் ஒருமுறையும் தவறவில்லை. வேந்தர் மட்டும், ‘வெளியில கொண்டுபோய்ப் பாத்தீரா?’ என்று வினவினார். தூறல் பட்டால் மெருகு மங்கிவிடும் என்று மந்திரியார் விடை கூறினார். பிறகு, விளக்கெண்ணெய் நாற்றம் அரச விழாவுக்கு அடுக்காது என்று மயிலின் வயிற்றை வழித்துவிட்டுப் புனுகு கலந்த பன்னீரை வேறு எண்ணெயோடு சேர்த்து ஊற்றச் சொன்னதும் அவரே.

இவ்வளவோடு நின்றிருந்தால் மானம் பாதியாவது தங்கியிருக்கும். வேறு எவருடைய நெருப்போ சாட்சித்தீயில் கலந்துவிட்டதென்று பேச்சு வரக் கூடாதென்று, மந்திரியார் அடிவாரத்தில் காவலரை நிறுத்தித் தம் நாட்டார் அனைவரின் மடியையும் அவிழ்த்துப் பார்க்கச் செய்தார். இருந்த சிக்கிமுக்கிக் கற்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி மாட்டுவண்டியில் தலைநகருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். வண்டி கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்துவிட்டே மலையேறினார்.

பிறகு நடந்தது தாங்கள் கண்டதே. வேந்தர் மயிலின் கழுத்தைத் திருகினார். பொறி பறந்தது, பறந்த பொறி காற்றோடு போயிற்று. மறுபடி திருகினார். திரி சீறியது, மணத்தது, பற்றவில்லை. சத்தம் வெளியே கேளாதிருக்க மந்திரியார் முரசுகாரரைப் பார்த்துக் கையசைத்தார். காற்றை மறைக்க வெண்கொற்றக்குடையைத் தாழ்த்துமாறு குடைக்காரரிடம் கிசுகிசுத்தார். அவரோ, வேந்தர் முடிக்குக் கீழே குடை இறங்குவதை மந்திரியாரே சென்ற ஆண்டு தடை செய்திருப்பதைப் பணிவோடு நினைவூட்டினார். வேந்தர் குனிந்தால் மறைவு கிடைத்திருக்கும். செந்தழல் வேந்தர் நின்றே தீ மூட்டுவார் என்று விழா முறையை வகுத்ததும் மந்திரியாரே. மூன்றாம் முறை திருகியபோது மயிலின் தலை வேந்தரின் கையோடு வந்துவிட்டது.

முரசு நின்றது. அந்த அமைதியில் தங்கள் படைத்தலைவர் சாத்தன் மழவர், ‘ஏன் மந்திரியாரே, மயிலுக்குச் சளி புடிச்சிருக்கோ?’ என்று கேட்டருளினார். தங்கள் பரிவாரம் சிரித்தது. மந்திரியார் தம் பரிவாரத்தை நோக்கினார், அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது. மடி அவிழ்க்கப்பட்டவர்கள் சற்று உரக்கவே சிரித்தார்கள்.

அப்போது தாங்கள் முன்னே வந்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி அமர்ந்து, முந்தானையை மறைப்பாக இழுத்துக்கொண்டு, வெற்றிலைப் பையிலிருந்து ஒரு கல்லையும் இரும்பையும் மெழுகுத்துணியில் சுற்றிய இலவம்பஞ்சையும் எடுத்தீர்கள். இரண்டு தட்டு. சாட்சித்தீ எரிந்தது. தாங்கள் எழுந்து, ‘என்ன இருக்கு, மந்திரியாரே? நனையாத பஞ்சு, காத்துக்கு ஒரு மறைப்பு. மயிலு வேணும்னா பக்கத்துல நிக்கட்டும்’ என்று கூறினீர்கள். தங்கள் குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் மந்திரியார் கோபம் கொண்டாவது தப்பித்திருப்பார்.

அன்றுமுதல் வேந்தர் அடிவாரத்தை விட்டு நகரவில்லை. தண்ணீருக்கு ஒரு வழி பிறக்காமல் மேல்கரை உழவர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறார். செய்தி ஊருக்குள் முந்திக்கொள்ளக் கூடாதென்று எவரையும் தலைநகருக்கு அனுப்பவும் மறுக்கிறார். கற்களோ தலைநகரில் இருக்கின்றன. தங்கள் சாட்சித்தீயிலிருந்து ஒரு கொள்ளி எடுத்துவர மடைப்பள்ளியார் அனுமதி கேட்டபோது, இன்னொரு முறை நெருப்பு வாங்கினால் குலத்தின் பெயர் என்னாவது என்று மந்திரியார் தடுத்துவிட்டார். ஆகவே முழுப் பாசறையும் ஊறவைத்த அவலை உண்டு வருகிறது. மாலையில் தங்கள் பாசறையிலிருந்து தாளிக்கும் வாசனை இப்பக்கம் வரும்போது எவரும் எவரையும் பார்ப்பதில்லை. நேற்று வேந்தர் அவலைக் கையில் வைத்துக்கொண்டு, ‘சூரியனுக்கே நாமதான் நெருப்பு குடுத்தோம், இல்லையாய்யா?’ என்று மந்திரியாரிடம் கேட்டார். மந்திரியார் தம் அவலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

மேற்கண்ட யாவும் உண்மை. ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் மறைக்கவில்லை. தாங்கள் வாக்களித்தபடி இப்பருவத்து முதல் தண்ணீரை மேல்கரை நாற்றங்கால்களுக்குத் திறந்துவிட மடைக்காவலருக்கு ஓலை போக்கியருள வேண்டும். செந்தழல் நாட்டார் அறிய வேந்தர் இடும் ஆணை: இனி எவர் மடியிலிருந்தும் எவரும் கல்லை அவிழ்த்து வாங்கலாகாது, வெளியில் மூட்டும் தீக்கான கருவியை வெளியில், காற்றிலும் தூறலிலும் பற்றவைத்துக் காட்டிய பின்பே தேர்ந்தெடுக்க வேண்டும், பொன் பூசுவதாயின் அதன் பிறகு பூசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு மகாமந்திரி பூதங்கிழார் எழுத்து. வேந்தர் எயினவர்மர் முன்னிலையில், அணையாத் தழல் பொறித்த குல முத்திரை அரக்கில் பதிக்கப்பட்டது.

அரக்கை உருக்கிய நெருப்பு, இவ்வோலைக்காக வாசலில் காத்திருக்கும் தங்கள் தூதரிடம் மந்திரியார் கேட்டு வாங்கியது.