அப்பாவின் இரண்டாவது மெழுகு

1908 ஜனவரி 14, செவ்வாய்

பள்ளிக்கூட டீச்சர் மிஸ் ப்ராட்ரிபின் நாற்காலியில் ஜாம் பூசியது நானல்ல. பூசச் சொன்னது மட்டும்தான் நான். வீட்டில் அப்பா பாட்டு எழுதுகிறார், நான் அம்மாவிடம் பாட்டு வாங்குகிறேன். டாலிமோர் குடும்பத்துக்கே பாட்டுதான் தொழில்.

இறைச்சிக்கடைப் பையன் ‘குடைக்கடைக் கிட்டி’யைச் சீழ்க்கையடித்துக்கொண்டு போனான்.

“டேய், அது எங்கப்பா பாட்டு.”

“போடி எஃபி, அது ஃபேர்லாப் பாட்டு. நானே தியேட்டர்ல கேட்டேன்.”

லண்டன் முழுக்க அப்படித்தான் நினைக்கிறது. யாராவது எழுதிய இசை நாடகத்தில் இரண்டாம் அங்கம் தொய்ந்தால் அப்பாவிடம் ஓடி வருவார்கள். அவர் ஒரே வாரத்தில் ஒரு பாட்டை எழுதிச் செருகுவார். இதுவரை பதினோரு நாடகம். சுவரொட்டி ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. தொப்பியைச் சுழற்றிப் பாடுகிற மான்ட்டி ஃபேர்லாப்புக்குத்தான் கைதட்டல்.

அப்பாவுக்குத் தொண்டைக் கட்டு இன்னும் சரியாகவில்லை.

ஜனவரி 23, வியாழன்

தொண்டைக் கட்டு அல்ல. தொண்டையில் கட்டி.

பிப்ரவரி பத்தாம் தேதி குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள். உயிர் தங்கும் என்கிறார் டாக்டர். குரல் தங்காது. அம்மா சர்க்கரை போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“நான் எழுதறவன்தானே, மில்லி? பாடறதுக்குத்தான் ஃபேர்லாப் இருக்கானே” என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

ஜனவரி 30

கிராமபோன் கம்பெனிக்காரர்கள் ‘கிட்டி’யை எழுதியவரே பாடித் தர வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். அப்பா கடிதத்தை மூன்று முறை படித்தார். “என் குரல்ல. என் பேர்ல” என்றார். பிறகு ஒரு வாரத்துக்கு யாரோடும் பேசப்போவதில்லை, குரலைச் சேமிக்கிறேன் என்று அறிவித்தார். அறிவித்த பிறகு அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார்.

பிப்ரவரி 5, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

ஒலிப்பதிவு அறை அடுப்பு மாதிரி கொதித்தது. பாட்டைப் பதிகிற மெழுகுத் தட்டு இளகியே இருக்க வேண்டுமாம். சுவரிலிருந்து, அதற்குள் பாடுவதற்காக, ஒரு தகரக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பதிவு செய்கிற காஸ்கின் என்னைப் பார்த்து, “குறும்பு பண்ணா இந்தக் கொம்புக்குள்ள போட்டு மூடிடுவேன்” என்றார். தனக்குக் கொம்பு முளைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவருக்கு நிஜமாகவே இருந்தது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். பின்னால் நின்று அப்பாவின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உச்சத்துக்குப் போகும்போது பின்னால் இழுக்க வேண்டும், தணியும்போது கொம்பை நோக்கித் தள்ள வேண்டும்.

முதல் மெழுகு நன்றாகத்தான் போனது. பாடி முடித்ததும், ஊசியைத் தூக்குவதற்குள், அப்பா “அப்பாடா” என்றுவிட்டார்.

“அந்த அப்பாடாவும் இப்ப பாட்டுல ஏறிடுச்சு, மிஸ்டர் டாலிமோர்” என்றார் காஸ்கின். எப்படியும் வீண் என்று நாலு வரி ஓடவிட்டுக் காட்டினார்.

“யாரிவன்? என்னைவிட நல்லாப் பாடறானே!” என்றார் அப்பா.

“கேட்டாச்சு. அதனால இது செத்தாச்சு” என்றார் காஸ்கின். “ஒருதடவை ஊசி ஓடினா மெழுகு தேஞ்சுடும். இதுலேர்ந்து இசைத்தட்டுக்கு அச்சு எடுக்க முடியாது.”

இரண்டாவது மெழுகில் அப்பா பாடியபோது என் கைக்குள்ளே அவர் தோள் அதிர்ந்தது. முடிந்ததும் யாரும் மூச்சுவிடவில்லை. ஊசியைத் தூக்கிய பிறகு காஸ்கின் மெல்ல, “இதுதான்” என்றார். அப்பாவைத் தேநீர் குடிக்கக் கீழே அழைத்துக்கொண்டு போனார்கள்.

நான் போகவில்லை.

பெரியவர்கள் சொல்லும் ‘தொடாதே’களில் பாதி சும்மா மிரட்டல். ஒரே ஒரு முறை ஓடினால் என்ன ஆகிவிடும்? வீட்டில் அப்பா எதையும் முழுசாகப் பாடியதே இல்லை, பாதியில் நிறுத்தித் திருத்த உட்கார்ந்துவிடுவார். திங்கட்கிழமைக்கு அப்புறம் எப்படிக் கேட்பேன்?

காஸ்கின் வைத்த மாதிரியே ஊசியை வைத்தேன். கடைசிவரை கேட்டேன்.

மிரட்டல் இல்ல. நெசமாவே செத்துப்போச்சு. காஸ்கின் வந்து பூதக்கண்ணாடியில பார்த்தார், மூஞ்சியே மாறிடுச்சு. “வார்ப்புலயே குறை போல. மன்னிச்சுக்குங்க சார்.” மெழுகு மேல பழி போட்டார். நான் அங்கேதான் நின்னேன். வாயைத் திறக்கல. எதுக்கெடுத்தாலும் எதிர்வாய் பேசுற எனக்கு அப்ப வாய் எங்க போச்சு?

“சரி, இன்னொண்ணு போடுங்க” என்றார் அப்பா.

மூன்றாவதில் இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. நாலாவது வேண்டாமென்று காஸ்கினே சொல்லிவிட்டார். அப்பா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் இருந்த சிவப்பை நான் பார்த்தேன்.

பிப்ரவரி 10

இன்று.

மார்ச் 3

வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் கட்டு, கையில் சிலேட்டு. முதலில் எழுதியது: “இந்த வீட்டில் ஏன் இவ்வளவு அமைதி?”

ஏப்ரல் 22, புதன்

இசைத்தட்டு வந்தது. ‘எழுதியவரே பாடியது – ஆம்ப்ரோஸ் டாலிமோர்’ என்று தங்க எழுத்தில். அம்மா அதை ஏப்ரன் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாள். எதிர்வீட்டு மிஸஸ் க்ளெக் கேட்டுவிட்டு, “பாவம், ஃபேர்லாப் குரல் மாதிரி வராதுதான்” என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கரகரப்பு. அந்த இரண்டு உடைசல். உலகத்துக்கு இனி இதுதான் அவர் குரல்.

ஏப்ரல் 23

சொல்லிவிட்டேன். வேடிக்கையாக்காமல், சாக்கு எதுவும் இல்லாமல்.

அப்பா சிலேட்டை எடுத்தார். கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

ஏப்ரல் 25

இன்றும் என்னைப் பார்க்கவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம்தான் கை நீட்டுகிறார்.

ஏப்ரல் 27, திங்கள்

சாயங்காலம் என் அறைக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்டினார்: “எப்படி இருந்தது?”

எனக்குப் புரிந்தது. அதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

சொன்னேன். முதல் வரியில் சிரிப்பு இருந்தது, வாயில் அல்ல, குரலில். கிட்டி கடையைப் பூட்டுகிற இடத்தில் சிரிப்பு இல்லை. உச்சத்தில் குரல் நடுங்கவே இல்லை. கடைசி வரியை மட்டும் பாடாமல், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சிலேட்டை அழித்து, கோபம் இன்னும் தீராத கோணல் எழுத்தில் எழுதினார்: “மறுபடி.”

முதலிலிருந்து சொன்னேன். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.